ஆல்பேட்டை செக்போஸ்ட்டும் நடுவுல ரெண்டு கோடும்

எங்க சின்ன மாமா ஒரு கணக்கு வச்சிருக்காரு. கடலூர்லருந்து பாண்டி கிட்ட, பாண்டிலருந்து கடலூர் தூரம். சின்ன வயசுல இது எனக்குப் புரியல, ரோடு ஒண்ணுதானே, 20 சொச்சம் கிலோமீட்டர்தானே, போனாலும் வந்தாலும் அதேதானேன்னு நெனப்பேன். அப்புறம் ஒரு தடவ அவரோட பஸ்ல வந்தப்பதான் தெரிஞ்சுது. போகும்போது பை காலி, ஜாலியா ஜன்னலோரம் தூங்கிட்டுப் போவாரு. வரும்போது பைக்குள்ள துண்டுல சுத்துன ரெண்டு பாட்டில் இருக்கும், கன்னியகோயில் தாண்டுறப்பவே முகம் மாறும், முள்ளோடையில பேச்சு நின்னுரும், ஆல்பேட்டையில பஸ்சு ஓரங்கட்டி போலீஸ்காரர் ஏறி மேல இருக்கிற பையெல்லாம் தட்டிப் பாத்துட்டு இறங்குற வரைக்கும் மனுசன் மூச்சு விட மாட்டாரு. அந்த அஞ்சு நிமிஷம் அவருக்கு அம்பது கிலோமீட்டர்.

போன மாசம் அதே ரூட்ல அக்கா பொண்ணோட வந்துட்டிருந்தேன். அவ காலாப்பட்டுல எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறா, நான் பாண்டியில மெஷின் லேர்னிங் வேலை பாக்குறேன், சாயங்காலம் சில நாள் பஸ் ஸ்டாண்டுல சேந்துக்குவோம். உக்காந்த உடனே நோட்டைப் பிரிச்சா. பி போட்டு, பக்கத்துல ரெண்டு நேர்க்கோடு போட்டு, க்யூ போட்டிருந்துச்சு.

"சித்தி, இது ரெண்டு ப்ராபபிலிட்டிக்கு நடுவுல இருக்கிற தூரம்னுதானே சொல்றாங்க? திருப்பிப் போட்டா ஏன் வேற நம்பர் வருது? நான் தப்பா போட்டேனா?"

"தப்பெல்லாம் இல்லடி. உன் சின்னத் தாத்தா பாண்டி போயிட்டு வர்ற கணக்கு அது" அப்டின்னேன். அவளுக்கு அந்தக் கதை தெரியும், சிரிச்சுட்டா. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு நாலஞ்சு பஸ் ட்ரிப்புக்கு ஓடுச்சு, அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

பேரு குல்பேக்-லைப்ளர் டைவர்ஜென்ஸ். தமிழ்ல விலகல்னு சொல்லலாம், ஆனா நாங்க ஆபீஸ்ல கே.எல். அப்டின்னுதான் சொல்லுவோம். (வெக்டர் கால்குலஸ்ல வர்ற டைவர்ஜென்ஸ் வேற, அதோட போட்டு குழப்பிக்காதீங்க, நான் ஒரு செமஸ்டர் பூரா குழம்பினேன்.) சாலமன் குல்பேக், ரிச்சர்ட் லைப்ளர் ரெண்டு பேருமே அமெரிக்க அரசாங்கத்துக்கு ரகசியக் குறியீடு உடைச்சவங்க. 1951ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. இதுல ஒரு வேடிக்கை, அவங்க டைவர்ஜென்ஸ்னு பேரு வச்சது ரெண்டு பக்கத்துலருந்தும் கணக்குப் போட்டு கூட்டி வர்ற சமச்சீரான நம்பருக்கு, அதை ஜெஃப்ரீஸ் 1946லயே போட்டிருந்தாரு. ஒரு பக்கம் மட்டும் பாக்குற நம்பரை அவங்க வேற பேர்ல கூப்பிட்டாங்க, ரெண்டுல எதுன்னு பிரிச்சுச் சொல்ல கிடைக்கிற சராசரி தகவல்னு. இன்னைக்கு உலகமே அந்த ஒரு பக்கத்து நம்பரைத்தான் அவங்க பேரைச் சொல்லி டைவர்ஜென்ஸ்னு கூப்பிடுது.

சரி, கணக்கு என்ன? நான் மழையை வச்சுத்தான் சொன்னேன், ஐப்பசி கார்த்திகையில கடலூர்ல வேற எதை வச்சு சொல்றது. ஒருத்தர் நாளைக்கு மழை வர 50 சதவீதம் வாய்ப்புன்னு சொல்றாரு, மழை வந்துச்சுன்னா அவருக்கு ஒரு பிட் ஆச்சரியம், காசு சுண்டிப் பூ விழுந்த அளவு. ஒரு சதவீதம்னு சொன்னவருக்கு வந்துச்சுன்னா 6.6 பிட் ஆச்சரியம். வாய்ப்பு எவ்ளோ கம்மியா சொல்லியிருந்தமோ, ஆச்சரியம் அவ்ளோ பெருசு, லாக் போட்டு அளக்குறது. இப்ப நிஜமா மழை எப்படிப் பெய்யுதோ அது பி, நாம மனசுல நெனச்சிருக்கிறது க்யூ. க்யூவை நம்புனவன் தினம் தினம் சராசரியா படுற ஆச்சரியத்துலருந்து, பியையே சரியா தெரிஞ்சவன் படுற ஆச்சரியத்தைக் கழிச்சிருங்க. மிச்சம் இருக்கிறதுதான் கே.எல். தெரியாம போனதுக்கு கட்டுற தெண்டம்.

ரெண்டு பேரை எடுத்துக்குவோம். முதல் ஆளு கார்த்திகை மாசத்துல வந்து மாட்டுனவரு, நிஜத்துல பாதி நாள் மழை, ஆனா இவரு 99 சதவீதம் வராதுன்னு அடிச்சு சொல்றவரு. இவருக்கு ஒரு நாளைக்கு தெண்டம் 2.33 பிட். ரெண்டாவது ஆளு சித்திரை மாசத்துல இருக்காரு, நூத்துல ஒரு நாள்தான் மழை, ஆனா இவரு "வந்தாலும் வரும், வராட்டியும் வராது"ன்னு பாதிக்குப் பாதி சொல்லிட்டிருக்காரு. இவருக்கு 0.92 பிட். பாருங்க, அதே ரெண்டு ப்ராபபிலிட்டிதான், எது நிஜம் எது நெனப்புங்கிறது மட்டும்தான் மாறியிருக்கு, ஆனா ஒண்ணு இன்னொண்ணோட ரெண்டரை மடங்கு. ஒண்ணும் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டவனுக்கு சின்ன தெண்டம், எல்லாம் தெரியும்னு நின்னவனுக்கு பெரிய தெண்டம்.

அப்ப வரவே வராதுன்னு சுத்தமா சைபர் போட்டவனுக்கு? முடிவிலி. ஒரே ஒரு நாள் தூறல் போட்டாலும் போச்சு, அதுக்கப்புறம் எத்தனை நாள் சரியா சொன்னாலும் கணக்கு தேறாது. எங்க அப்பா அப்படி ஒரு க்யூ வச்சிருந்தாரு. 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் வருதுன்னு டிவியில வட்டம் வட்டமா காட்டிட்டிருக்கான், இவரு சாஞ்சு உக்காந்துக்கிட்டு "இதெல்லாம் நெல்லூர் பக்கம் போயிரும், நம்ம ஊருக்கு எங்க வரப்போவுது"ன்னு. டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. எங்க வீட்டு வேப்பமரம் அப்பாவோட டிவிஎஸ்சு மேலயே விழுந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்ததை அடுத்த வாரம் பஸ்ல போறப்பதான் பாத்தோம், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல.

இந்த சைபர் என்னையும் ஒரு நாள் போட்டு அடிச்சுது. கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்துல எங்க அத்தை மீன் ஏலம் எடுக்குறாங்க, அவங்ககிட்ட போட்டோ எடுத்து எடுத்து, எது என்ன மீனுன்னு அத்தையை சொல்லச் சொல்லி, ஒரு சின்ன மாடல் பழக்கினேன், ஆபீஸ் வேலை இல்ல, சும்மா ஆசைக்கு. சங்கரா, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் எல்லாம் சட்டுனு பிடிச்சுக்கிச்சு. மத்தியும் கவலையும்தான் தகராறு. கவலைன்னு ஒரு மீன் இருக்குங்க, மத்தி மாதிரியே இருக்கும், தெரியாதவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ராத்திரி பதினோரு மணிக்கு ட்ரெய்னிங் ஓட விட்டுட்டு படுத்தேன், காலையில பாத்தா லாஸ் (மாடல் எவ்ளோ தப்பு பண்ணுதுங்கிற நம்பர்) கட்டத்துல 0.41, 0.39, 0.38னு இறங்கிட்டு வந்து திடீர்னு "நேன்", அதுக்குக் கீழ எல்லாமே நேன், நேன், நேன். நம்பரே இல்லன்னு அர்த்தம். தோண்டிப் பாத்தா ஒரே ஒரு போட்டோ. அத்தை கவலைன்னு சொன்ன மீனை மாடல் மத்தின்னு அவ்ளோ உறுதியா நம்பிடுச்சு, கவலைக்குக் கொடுத்த வாய்ப்பு கம்ப்யூட்டரோட தசமத்துக்குள்ளயே அடங்காம சுத்தமா சைபர் ஆயிடுச்சு. சைபருக்கு லாக் எடுத்தா என்ன ஆகும். மாடலுக்குக் கவலையே இல்ல, அதான் பிரச்சினை.

இப்படி வகை பிரிக்கிற வேலைக்கு நாங்க எல்லாரும் போடுற கிராஸ் என்ட்ரபி லாஸ் வேற ஒண்ணும் இல்ல, இதே கே.எல். தெண்டத்தோட ஒரு மாறாத தொகையைக் கூட்டுனது, அதனால அதைக் குறைச்சா இதையும் குறைச்ச மாதிரி. நான் லாக் எடுக்குற இடத்துல 0.0000001னு ஒரு துளி சேத்தேன், அதுக்கப்புறம் நேன் வரல. அதாவது "எதையும் அடியோட மறுக்காத"ன்னு மாடலுக்கு சொல்லிக் குடுத்தேன். இதைக் கேட்டுட்டு அத்தை "என்கிட்ட கேட்டிருந்தா வால்கிட்ட பாத்தே சொல்லியிருப்பேனே"ன்னாங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், யாருக்காவது ராத்திரி தூக்கம் மிச்சமாகட்டும். பைடார்ச்சுங்கிற மெஷின் லேர்னிங் சாஃப்ட்வேர்ல கே.எல். ஃபங்ஷனுக்கு நோட்டுல எழுதுற வரிசையில குடுக்கக் கூடாது. அது மொதல்ல க்யூவைக் கேக்கும், அதுவும் லாக் போட்டு, அப்புறம்தான் பி. சராசரி எடுக்குறதும் டீஃபால்ட்டா விட்டா சரியான கே.எல். வராது, 'பேட்ச்மீன்'னு தனியா சொல்லணும். சைபைன்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல ஜென்சன்-ஷானன்னு (கே.எல்.லோட சொந்தக்காரன், பின்னாடி வரும்) கேட்டா அதோட ஸ்கொயர் ரூட்டைக் கொண்டாந்து குடுக்கும். நான் மூணுலயும் விழுந்து எழுந்தவ.

எந்தப் பக்கத்துலருந்து அளக்குறோம்ங்கிறது வெறும் நம்பர் விவகாரம் இல்ல, மாடலோட குணமே அதுல மாறும். கடலூர் பஸ் ஸ்டாண்டுலயும் கூட்டம், பாண்டி பஸ் ஸ்டாண்டுலயும் கூட்டம், நடுவுல ஒருத்தரும் இல்லன்னு வச்சுக்குங்க. இந்தக் கூட்டத்தை ஒரே ஒரு மேடு இருக்கிற கோட்டால வரையணும். நிஜத்துலருந்து அளந்தா, ஆள் இருக்கிற எந்த இடத்துலயும் சைபர் போடக்கூடாதுங்கிற பயத்துல, ரெண்டு ஊரையும் அணைச்சு அகலமா ஒரு மேடு வரும், அதோட உச்சி எங்க இருக்கும்னா கிருமாம்பாக்கம் பக்கத்துல, எவனுமே நிக்காத இடத்துல. திருப்பி, மாடல் பக்கத்துலருந்து அளந்தா, ஆள் இல்லாத இடத்துல ஆள் இருக்குன்னு சொல்லிடக் கூடாதுங்கிற பயம், அதனால ஒரு ஊரை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை மறந்துரும். எது சரின்னு அவ கேட்டா. எந்தத் தப்பு நமக்குக் கட்டுபடியாகும்னு பாத்துதான் சொல்ல முடியும்னேன். மருந்து, புயல் மாதிரி விஷயத்துக்கு மொதல் வகைதான் என் ஓட்டு, ஒண்ணும் விட்டுப் போகக் கூடாது. இப்ப எல்லாரும் பேசிட்டிருக்கிற சாட் மாடலுக்கு மனுசங்க விருப்பத்தை வச்சுப் பழக்குறப்ப, பழைய மாடலை விட்டு ரொம்ப ஓடிடாம இருக்க கே.எல். போட்டு மாட்டைக் கட்டுற மாதிரி கட்டி வைப்பாங்க, அங்க ரெண்டாவது வகை. கயிறு நீளமா விட்டா மேஞ்சுட்டு எங்கயோ போயிரும், குட்டையா விட்டா நின்ன எடத்துலயே நிக்கும்.

படம் வரையுற கான் மாடல் 2014ல வந்தப்ப அதுக்குள்ள இருந்தது ஜென்சன்-ஷானன். ரெண்டு பேரையும் நேரா மோத விடாம, ரெண்டையும் சரிபாதி கலந்து நடுவுல ஒரு ஆளை உருவாக்கி, அவன்கிட்டருந்து ரெண்டு பேரும் எவ்ளோ விலகியிருக்காங்கன்னு பாத்து சராசரி எடுக்குறது. நடு ஆள் யாருக்கும் சைபர் போட மாட்டான், அதனால முடிவிலி வராது, மிஞ்சிப் போனா ஒரு பிட். ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே இல்லன்னா எப்பவும் அந்த ஒரு பிட்டுலயே நிக்கும், பக்கத்து தெருவுல இருந்தாலும் ஒரு பிட், பக்கத்து நாட்டுல இருந்தாலும் ஒரு பிட், மாடலுக்கு எந்தப் பக்கம் நகரணும்னே தெரியாது. அதனாலதான் 2017ல வாசர்ஸ்டைன் தூரத்தைக் கொண்டாந்தாங்க. அது மண்ணு அள்ளுற கணக்கு, ஒரு குவியலை இன்னொரு குவியலா மாத்த எவ்ளோ மண்ணை எவ்ளோ தூரம் கொண்டு போகணும்னு. பெண்ணையாத்து மணல் லாரிக்காரங்களுக்கு சொல்லித் தரவே வேணாம். மோஞ்ச்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1781ல ஆரம்பிச்சு வச்சது, அப்ப பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில கூட இல்ல, 1778லயே இங்கிலீஷ்காரன் புடுங்கிட்டான்.

இதுவரைக்கும் என் ஏரியா. குவாண்டம்னு வந்தா அவதான் டீச்சர்.

அவ பையிலருந்து ஒரு போலராய்டு கூலிங் கிளாஸ் எடுத்தா, தேவனாம்பட்டினம் பீச்சுல வாங்குனதாம். என் பழைய எல்சிடி போனை வாங்கி அதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பிடிச்சு மெதுவா சுத்துனா. ஸ்கிரீன் மங்கிட்டே வந்து ஒரு எடத்துல கருப்பாயிடுச்சு. முன் சீட்டு பாட்டி எட்டிப் பாத்து "போன் செத்துப் போச்சா"ன்னாங்க. "இல்ல பாட்டி, வெளிச்சத்துக்குத் திசை இருக்கு"ன்னு இவ சொல்ல, பாட்டி என்னைப் பாத்தாங்க.

விஷயம் என்னன்னா, குவாண்டத்துல பி, க்யூன்னு வாய்ப்புப் பட்டியல் இல்ல, துகளோட நிலையைச் சொல்ற ரோ, சிக்மான்னு ரெண்டு மேட்ரிக்ஸ். மேட்ரிக்ஸை மாத்திப் பெருக்கினா வேற விடை வரும், சட்டை போட்டுட்டு குளிக்கிறதும் குளிச்சுட்டு சட்டை போடுறதும் ஒண்ணா? அதனால பியை க்யூவால வகுத்து லாக் எடுக்குறதுங்கிற ஒரே ஒரு செயலுக்கு குவாண்டத்துல ஏகப்பட்ட வடிவம் கிடைக்குது. உமேகாக்கி 1962ல எழுதுனது ஒண்ணு, பெலாவ்கினும் ஸ்டாஷெவ்ஸ்கியும் 1982ல எழுதுனது இன்னொண்ணு, ரெனி வகையறாவுல (ஒரு அடுக்கு எண்ணை வச்சு, அதை மாத்த மாத்த வேற வேற விலகல் குடுக்குற குடும்பம்) பெட்ஸ் எழுதுனது, 2013ல சாண்ட்விச்னே பேர் வச்சது (ரோவை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் சிக்மாவை அடுக்குறதால). மாத்திப் பெருக்கினாலும் ஒரே விடை வர்ற மேட்ரிக்ஸா இருந்தா, ரெனி வகைக்காரங்களையும் ஒரே அடுக்குல வச்சுப் பாத்தா, எல்லாரும் பழைய வாய்ப்புக் கணக்குக்கே திரும்பி வந்துருவாங்க.

"அப்ப இத்தனைல எதுடி நிஜம்?"னு இந்த தடவ நான் கேட்டேன்.

அவ சொன்ன பதில் எனக்குப் பிடிச்சுது. ஒருத்தர் ஒரே மாதிரி நிறைய ஃபோட்டான் (வெளிச்சத் துகள்) அனுப்புறாரு, ரோவா சிக்மாவான்னு நீ சொல்லணும். ரோவை ரோவாத்தான் பெரும்பாலும் அடையாளம் காட்டணும்னு வச்சுக்கிட்டு, சிக்மாவைத் தப்பா ரோன்னு சொல்ற வாய்ப்பு எவ்ளோ வேகமா கரையுதுன்னு பாத்தா, அந்த வேகம் சரியா உமேகாக்கி நம்பர்தான். ஹியாயும் பெட்ஸும் 1991ல ஒரு பாதி, ஓகாவாவும் நாகவோகாவும் 2000ல மறு பாதி நிறுவுனாங்க. ஆக, எத்தனை தடவை பாத்தா உறுதியா சொல்லலாம்ங்கிற கேள்விக்கு அது பதில். வேற கேள்வி கேட்டா வேற வடிவம் வேலைக்கு வரும். இதையே இன்னும் பெருசாக்கி 2010ல பிராண்டாவோவும் பிளெனியோவும் ஒண்ணு எழுதி, பத்து வருசத்துக்கு மேல எல்லாரும் அது மேல கட்டடம் கட்டுனப்புறம் நிறுவல்ல ஓட்டை கண்டுபிடிச்சு, 2024ல புதுசா நிறுவல் வந்துச்சு. இது கேட்டப்ப என் நேன் மேல இருந்த வருத்தம் கொஞ்சம் குறைஞ்சுது.

எந்த வடிவமா இருந்தாலும் அதுகிட்ட ஒரு குணம் எதிர்பார்ப்பாங்க, எந்த மெஷினுக்குள்ள போட்டு எடுத்தாலும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற விலகல் கூடக் கூடாது, குறையலாம். மீன் போட்டோவை அத்தை வாட்சப்ல அனுப்பி, அது இன்னொரு குரூப்புக்குப் போயி, அங்கருந்து எனக்கு வந்தா மத்திக்கும் கவலைக்கும் வித்தியாசம் மங்கித்தான் இருக்கும், கூடியிருக்க வாய்ப்பே இல்ல. குவாண்டத்துல இதை நிறுவுறது லேசுப்பட்டது இல்ல, லீபும் மேரி பெத் ரஸ்காயும் 1973ல போட்ட அஸ்திவாரத்து மேல லிண்ட்பிளாட் 1975ல நிறுவுனாரு.

நம்ம ஊர்க்காரங்க பேரும் இதுல வருது. மகலனோபிஸ் 1936ல ஒரு தூரம், அதே கல்கத்தாவுல அனில் குமார் பட்டாச்சார்யா 1943ல ஒண்ணு, சி.ஆர். ராவ் 25 வயசு வாக்குல 1945ல ஒண்ணு. பட்டாச்சார்யா செஞ்சது ரொம்ப சிம்பிள், பியையும் க்யூவையும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுத்துக் கூட்டிடு, ரெண்டும் ஒண்ணுன்னா விடை ஒண்ணு, ஒட்டே இல்லன்னா சைபர். வாய்ப்போட ஸ்கொயர் ரூட் குவாண்டத்தோட தாய்மொழி மாதிரி. ரெண்டு நிலை எவ்ளோ நெருக்கம்னு குவாண்டம் ஆளுங்க சொல்ற ஃபிடெலிட்டி இருக்கே, எந்த விதமா அளந்தா ரெண்டும் ரொம்ப வேற வேறயா தெரியுமோ அந்த அளவுல வர்ற பட்டாச்சார்யா எண்தான் அது, ஃபுக்ஸும் கேவ்ஸும் 1995ல காட்டுனாங்க. சில புக்குல அதையே ஸ்கொயர் பண்ணி எழுதி வச்சிருப்பாங்க, பரீட்சைக்கு முன்னாடி பாத்துக்கோன்னு அவகிட்ட சொன்னேன், ஏற்கெனவே ஒரு மார்க் போச்சாம்.

கடைசி ட்ரிப்புல அவ ஒரு கணக்கைக் கொண்டாந்தா. ரெண்டு ஃபோட்டான், ரெண்டும் தூய நிலை (கலப்படமே இல்லாம ஒரே திசை), திசை வித்தியாசம் வெறும் ஒரு டிகிரி. உமேகாக்கி நம்பர் எவ்ளோ வரும்? நான் ஏதோ 0.001ன்னு சொன்னேன், கண்ணுக்கே தெரியாத வித்தியாசமாச்சே.

"முடிவிலி, சித்தி."

நம்ப முடியல. அப்புறம் யோசிச்சா அப்பாவோட வேப்பமரம் ஞாபகம் வந்துச்சு. சிக்மாவுக்குக் குறுக்க கண்ணாடியைப் பிடிச்சா ஒரு ஃபோட்டான் கூட வெளிய வராது, அது சுத்தமான சைபர். ஆனா ஒரு டிகிரி தள்ளியிருக்கிற ரோவுலருந்து பத்தாயிரத்துல மூணு ஃபோட்டான் நழுவி வந்துரும். ஒண்ணு வந்தாலும் சிக்மா கதை முடிஞ்சுது. தூய நிலைங்கிறது எல்லாத்துலயும் அடிச்சு சொல்ற ஆளு, பெரிய தெண்டம் கட்டியே ஆகணும்.

"ஜென்சன்-ஷானன் போட்டுப் பாரேன்"னேன். குவாண்டத்துக்கும் அது இருக்கு, அதோட ஸ்கொயர் ரூட் போக வர ஒரே தூரம்தான், குறுக்கு வழியில ஏமாத்தாதுன்னு விரோஸ்டெக், ஸ்ரா ரெண்டு பேரும் தனித்தனியா நிறுவுனது 2021லதான் அச்சாச்சு. ரெண்டு நிலையையும் சரிபாதி கலந்தா அந்த மேட்ரிக்ஸோட ஐகன் மதிப்பு (அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வாய்ப்புகள்) ரெண்டு, ஒண்ணுல ஒரு டிகிரி கோசைனைக் கூட்டி பாதி, கழிச்சு பாதி. போன்ல கால்குலேட்டர் திறந்து நான் நம்பர் சொல்லச் சொல்ல அவ நோட்டுல எழுதுனா. சின்ன ஐகன் மதிப்பு 0.000076. அதை வச்சு என்ட்ரபி, அதாவது சராசரி ஆச்சரியம், போட்டா (ரெண்டும் தூய நிலைன்னா ஜென்சன்-ஷானனே இதுதான்) 0.00115 பிட். ஒரு பக்கம் முடிவிலி, இன்னொரு பக்கம் இது. அதே ரெண்டு ஃபோட்டான்.

45 டிகிரிக்கும் போட்டுப் பாக்கலாம்னு ஆரம்பிக்கிறப்ப பஸ்சு நின்னுச்சு, ஆல்பேட்டை. போலீஸ்காரர் ஏறி எங்க சீட்டுகிட்ட வந்து இவ மடியில இருந்த பையைத் திறக்கச் சொன்னாரு. உள்ள டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, மேல விரிச்ச நோட்டு. டார்ச் அடிச்சு அந்த ரெண்டு கோட்டையும் முடிவிலியையும் ஒரு நிமிஷம் பாத்தாரு, "மேக்ஸா?"ன்னாரு, "பிசிக்ஸ் சார்"ன்னா இவ. அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு. மஞ்சக்குப்பம் வர்றதுக்குள்ள விடை வந்துருச்சு, 0.6.